கோயில் மண்டபங்களைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்துத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, அறங்காவலர்களே, வணக்கம்.

ஆண்டுப் பொதுக்குழுவுக்கான நிகழ்ச்சி நிரலை நீங்கள் தயாரிக்கும்போது அதில் ஒரு தீர்மானத்தைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடல். கோயில் மண்டபத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கான பதிவுபெற்ற மையமாக நடத்த இசைவளிப்பது என்பதே அந்தத் தீர்மானம். தமிழ்க் குழந்தைகளுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. கோயிலைச் சுற்றி வாழும் எல்லாக் குழந்தைகளுக்கும் கேட்கிறேன். ஏன் கோயில், ஏன் இப்போது என்பதற்குச் சற்று விரிவாகவே காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையோடு படியுங்கள்.

நான் தஞ்சைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்நாட்டுக்கு வந்தவள். வார நாள்களில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் ஒரு சிறிய மழலையர் மையத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கணவர் வீட்டு உறவுகள் கிழக்கு கேப் மாகாணத்தில் கெபெராவின் மலபார் பகுதியிலும், மேற்கு கேப் மாகாணத்தில் கேப் டவுனின் ரைலண்ட்ஸிலும் இருக்கிறார்கள். குடும்பத்தில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் பெண்கள் நாங்கள் தொலைபேசியில் பேசிக்கொள்வது ஒன்றையேதான். உங்கள் ஊர்க் கிளினிக்கில் எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், தடுப்பூசி இருக்கிறதா, தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்களா, கிரெஷுக்கு, அதாவது மழலையர் காப்பகத்துக்கு, மாதம் எவ்வளவு கேட்கிறார்கள், யாரை நம்பிப் பிள்ளையை விடுகிறாய்? ஒரே சட்டத்தின் கீழ் வாழும் ஒரே குடும்பத்துப் பெண்கள்தாம் நாங்கள். ஆனாலும் பிள்ளை வளர்க்கும் பாடு ஊருக்கு ஊர் வேறாக இருக்கிறது.

எல்லா ஊருக்கும் பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1994-இல் பொறுப்பேற்ற மண்டேலா, அந்த மே மாதமே, கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார். 1998-இல் குழந்தை ஆதரவு உதவித்தொகை வந்தது. அன்று ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 100 ராண்ட். இன்று பதினெட்டு வயது வரை. 2025 ஏப்ரலில் அது 560 ராண்ட் ஆனது. ஒரு கோடியே முப்பது லட்சம் குழந்தைகளுக்கு மேல் அது போய்ச் சேருகிறது. உதவித்தொகை தரும் அரசு முகமையான சாசாவின் அட்டையைக் கேப் டவுனில் நீட்டினாலும் டர்பனில் நீட்டினாலும் அதே தொகைதான். வேலைக்குப் போகும் தாய்க்கு நான்கு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குச் சந்தா பிடிக்கப்பட்டிருந்தால், வரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 66 விழுக்காடு கிடைக்கும். 2025 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த விடுப்பைத் தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் தெருமுனையில் கீரைக்கட்டு விற்கும் பெண்ணுக்கு இந்த விடுப்பும் இல்லை, விடுப்புக்கால ஊதியமும் இல்லை.

குழந்தைக்கான உதவித்தொகை எல்லா ஊருக்கும் பொதுவாக இருப்பதாலேயே அது போதுமானதாகிவிடாது. 2024-இல் இந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை போட்ட உணவு வறுமைக்கோடு, அதாவது ஒருவர் வயிற்றுக்கு மட்டும் மாதம் தேவைப்படும் குறைந்தபட்சத் தொகை, 796 ராண்ட். அந்த ஆண்டு குழந்தைக்குக் கிடைத்தது 530. எங்கள் மையத்துக்குப் பேரனைக் கூட்டிவரும் ஒரு கோகோ (சூலு மொழியில் பாட்டி), உதவித்தொகை வந்த அன்றே மக்காச்சோள மாவு மூட்டையும் எண்ணெயும் வாங்கிவிட்டு, மீதியை எண்ணி எங்கள் கையில் வைப்பார். அவர் எண்ணும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மாறுபாடு தொடங்குவது இதற்குப் பிறகுதான். கிளினிக், பள்ளி, மழலையர் மையம் ஆகிய மூன்றையும் நடைமுறையில் கையில் வைத்திருப்பவை மாகாணங்களும் நகராட்சிகளும். ஒன்பது மாகாணங்களுக்கும் மைய அரசு வரிப்பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அதில் 48 விழுக்காடு கல்விக்கானது. 27 விழுக்காடு நலவாழ்வுக்கானது. கல்விப் பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளியில் சேர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையும் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு நிபந்தனை மானியம் இருக்கிறது. அதைப் பெற முன்வரும் மையங்களுக்கு மட்டும், அதுவும் தகுதி காட்டினால் மட்டும்.

இதன் விளைவை நான்காம் வகுப்பில் பார்க்கலாம். 2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், இந்நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. நாட்டின் சராசரி மதிப்பெண் 288. மேற்கு கேப் 363 பெற்றது. நமது மாகாணம் 297. பத்து வயதில் வெளிப்படும் இந்த இடைவெளி பத்து வயதில் உண்டானதல்ல. தாய் மடியிலும் கிரெஷ் பாயிலும் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும், கேட்காமல் வளர்ந்த பிள்ளைக்கும் உள்ள இடைவெளி அதில் பெரும்பங்கு.

மேற்கு கேப்பைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கென்றே ஓர் ஆணையரை நியமிக்க மாகாணச் சட்டம் இயற்றி, 2020-இல் நாட்டிலேயே முதலாவதாக அவரைப் பதவியில் அமர்த்தியது அந்த மாகாணம். ரைலண்ட்ஸில் இருக்கும் என் நாத்தனார் மகள், சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைச் சேர்த்தாள். எங்கள் மையத்தில் அப்படிக் கேட்ட தாய் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. கேட்டுப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இருப்பது இந்த ஓர் இடந்தான்.

ஆனால் அதே ரைலண்ட்ஸிலிருந்து சற்று தூரம் போனால் மேனன்பெர்க், ஹானோவர் பார்க். அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளக் குழந்தைகளைப் பழக்க வேண்டியிருக்கிறது. மாகாணச் சராசரியை மட்டும் வைத்து மேற்கு கேப் உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. கிழக்கு கேப்பிலும் அப்படித்தான். மலபாரில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு நிறைவாகவே வளர்கிறார்கள். பழைய டிரான்ஸ்கை கிராமங்களிலோ ஊட்டச்சத்துக் குறைவால் குழந்தைகள் இறந்தார்கள். மனித உரிமை ஆணையமே விசாரித்து 2023-இல் அறிக்கை தர வேண்டிய நிலை. நமது மாகாணத்தில் உம்ஷ்லாங்காவின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அமாவோட்டியின் தகரக் குடிசைகளுக்கும் இடையே கார் பயணம் அரை மணி நேரம்கூட இல்லை. நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2016-ஆம் ஆண்டின் நலவாழ்வு ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட குழந்தைகளை நான் தினமும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டரை வயதுச் சட்டை பொருந்துகிறது.

அப்படியானால் ஓர் ஊர் நல்ல ஊராகவும் இன்னோர் ஊர் பொல்லாத ஊராகவும் ஆவது எதனால்? என் வேலையிலிருந்து எனக்குத் தெரிந்த பதில்: பதிவுபெறக்கூடிய கட்டடம் அந்தத் தெருவில் இருக்கிறதா இல்லையா என்பதால்.

எங்கள் மையத்தைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்த நாளைச் சொல்கிறேன். வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையை அடைத்துக் கட்டிய அறை அது. தரையில் லினோலியம் விரித்திருக்கிறோம்; சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். அந்த அம்மாள் அளவு நாடாவை எடுத்து அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். ஒரு குழந்தைக்கு உள்ளே ஒன்றரைச் சதுர மீட்டர், வெளியே விளையாட இரண்டு சதுர மீட்டர், இருபது குழந்தைக்கு ஒரு கழிப்பறை என்பது விதி. பிறகு கழிப்பறையைக் காட்டச் சொன்னார். வீட்டுக்காரர் குடும்பம் பயன்படுத்தும் ஒரே கழிப்பறைக்குத்தான் நாங்களும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறோம். சமையல் அடுப்புக்கும் பிள்ளைகள் உறங்கும் பாய்க்கும் இடையே ஒரு துணித்திரைதான் இருந்தது. அவர் கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளைகள் பாடிய பாட்டை நின்று கேட்டார். தாளில் எழுதிவிட்டு, சான்றிதழ் தர வழியில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அந்த விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். 2014-இல் லிம்போப்போ மாகாணத்தில் மைக்கேல் கொமாப்பே என்ற ஐந்து வயதுச் சிறுவன், பள்ளியில் சேர்ந்த சில நாள்களிலேயே, அங்கிருந்த குழிக் கழிப்பறையில் விழுந்து இறந்தான். கழிப்பறைக்கு விதி எழுதுவது வெறும் காகித வேலை என்று இந்த நாட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஆனால் விதியை எழுதிய கை, அதை நிறைவேற்றப் பணம் கொடுக்கவில்லை. பதிவு இருந்தால்தான் மானியம். கட்டடம் சரியாக இருந்தால்தான் பதிவு. மானியம் இல்லாமல் கட்டடத்தைச் சரிசெய்ய எந்தக் கிரெஷ் நடத்தும் பெண்ணிடமும் காசு கிடையாது. 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மழலையர் மையங்கள் இருந்தன. அவற்றில் பதிவு பெற்றவை 40 விழுக்காடு. மானியம் பெற்றவை மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியவை எங்களைப் போன்றவை.

மானியம் என்று சொல்வது எவ்வளவு? ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 17 ராண்ட் என்று 2019-இலிருந்து அசையாமல் கிடந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 24 ஆயிற்று. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தாய்மார்கள் மாதம் 400 ராண்ட் கட்டுகிறார்கள். உதவித்தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மாதக் கடைசி வாரத்தில் கட்டணம் கையில் இருக்காது. காலைக் கஞ்சியில் மாவு குறைந்து தண்ணீர் கூடும். பிள்ளைகளுக்கு அது தெரியும். இரண்டாவது கிண்ணம் கேட்கும் சிறுவன் அந்த வாரம் கேட்க மாட்டான்.

அரசின் பள்ளி உணவுத் திட்டம் 1994-இலிருந்து நடக்கிறது. இன்று தொண்ணூறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அதில் சாப்பிடுகிறார்கள். ஆனால் அது பள்ளிக்கூட வாசலில்தான் தொடங்குகிறது. முதல் வகுப்புக்கு முந்திய ஆர் வகுப்புக்குப் போகும் ஐந்து வயது அண்ணனுக்குச் சோளமும் பீன்ஸும் சூடாகக் கிடைக்கும். எங்கள் கொட்டகையில் இருக்கும் மூன்று வயதுத் தங்கைக்கு இல்லை. உடலும் மூளையும் மிக வேகமாக வளரும் வயதை விட்டுவிட்டு, வளர்ந்த பிறகு ஊட்டுகிறார்கள்.

எனக்கு இங்கே தமிழ்நாட்டு நினைவு வராமல் இருக்காது. எங்கள் ஊரில் குழந்தைக்கு இரண்டு வயதானால் அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். காமராசர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்கு முந்திய இரண்டு வயதுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. இன்று அங்கே ஐம்பத்து நான்காயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கூரை ஒழுகும் மையமும் உண்டு. ஊதியம் போதாமல் தெருவில் இறங்கிப் போராடும் பணியாளர்களும் உண்டு. எல்லாம் நிறைவு என்று சொல்ல வரவில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். அங்கே மையத்தை நடத்தும் கடமை அரசுடையது. ஊழியரும் அரிசியும் பருப்பும் அரசு அனுப்புபவை. இங்கே, கட்டடத்தையும் ஆளையும் அமைப்பையும் நீ கொண்டு வா, பிறகு நாங்கள் நாளுக்கு இருபத்து நான்கு ராண்ட் தருகிறோம் என்கிறது அரசு. அந்த முறை மாற வேண்டும் என்று நாம் போராடலாம், போராடத்தான் வேண்டும். அதுவரை எங்கள் மூன்று வயதுக் குழந்தை மூன்று வயதிலேயே நிற்கப் போவதில்லை.

ரியூனியன் தீவில் இருக்கும் நம்மவர்கள் பிரெஞ்சு அரசின் குடும்ப உதவித்தொகையை முதல் குழந்தையிலிருந்தே பெறுகிறார்கள். பிரான்சின் பெருநிலத்தில்கூட அது இரண்டாவது குழந்தையிலிருந்துதான். மொரீசியஸில் மாணவர்களுக்குப் பஸ் பயணம் 2005-இலிருந்து இலவசம். இவற்றைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை. நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நம் கையில் மண்டபங்கள் இருக்கின்றன. ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், வெருலம், டோங்காட், இசிபிங்கோ என்று எங்கே போனாலும் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம். கழுவிவிட்டால் பளிச்சென்றாகும் ஓட்டுத் தரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வரிசைக் கழிப்பறைகள், எரிவாயு அடுப்புகளோடு தனிச் சமையற்கூடம், ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாக்கள், தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் இரும்பு வேலி, பூட்டிய வாசல், கார் நிறுத்தம். சனி ஞாயிறு திருமணம். திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டுத்தான். எங்கள் கொட்டகையில் இல்லாதவை என்று அந்த அதிகாரி எழுதிக்கொண்டு போன ஒவ்வொன்றும் உங்கள் மண்டபத்தில் இருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவு எண்ணும், விதிமுறைப் புத்தகமும், தணிக்கை செய்த கணக்கும்கூட உங்களில் பலரிடம் உண்டு. மானியம் கேட்கும் மனுவில் முதலில் கேட்பவை அவைதாம்.

இது நம் வழக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதைத் தன் வேலையாக நேட்டால் அரசு நினைக்கவில்லை. சங்கங்களும் கோயில்களும் கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் காசு திரட்டிக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு அரசு ஆசிரியர் சம்பளத்துக்கு உதவியது. அரசு உதவிபெறும் இந்தியப் பள்ளிகள் என்று தாத்தாக்கள் சொல்லும் பள்ளிகள் அப்படி வந்தவை. 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் நம்மவர்கள் நன்கொடையில் எழுந்தது. சாட்ஸ்வர்த்தில் 1969-இல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனைக்கும் பின்னணியில் ஓர் அறக்கட்டளை இருந்தது. கட்டடம் எங்களுடையது, செலவில் பங்கு உன்னுடையது என்று அரசிடம் பேசிப் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லச் சங்கடமானது, ஆனாலும் சொல்கிறேன். 1998-க்கு முன் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அரசின் பராமரிப்புத் தொகை ஒன்று இருந்தது. நிறவெறி ஆட்சியில் அது இந்தியப் பெண்களுக்கும் கலப்பினப் பெண்களுக்கும் கிடைத்தது. கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்று அரசு அமைத்த லண்ட் குழு பரிந்துரைத்த பிறகு அந்தத் தொகை படிப்படியாக நின்றது. அனைவருக்கும் பொதுவாக, ஆனால் மிகச் சிறியதாக, புதிய உதவித்தொகை வந்தது. நம் வீடுகளில் சில பெரியம்மாக்கள் அந்த இழப்பை இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை. ஆனால் வேலியின் மறுபக்கத்தில் அதற்கு முன் ஒரு காசும் பெறாமல் பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் இன்று ஃபீனிக்ஸை ஒட்டிய குடிசைப் பகுதிகளான பம்பாயியிலிருந்தும் அமாவோட்டியிலிருந்தும் எங்கள் கொட்டகைக்கு நடந்து வருகிறார்கள்.

தயக்கங்களை நான் அறிவேன். சில கோயில்களில் இதைப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

அசைவம் உள்ளே வந்துவிடும் என்றார்கள். வராது. உணவை மையமே சமைக்கும். காலையில் கஞ்சி, மதியம் சோறும் பருப்பும் அல்லது சோளமும் சர்க்கரை பீன்ஸும், ஒரு பழம், கொஞ்சம் அமாசி மோர். மண்டபத்துச் சமையலறை என்றும் சைவமாகவே இருக்கும். குழந்தைகளுக்கும் அதுவே போதும். காவடியும் தீமிதியும் வரும் நாள்களில் என்ன செய்வது என்றார்கள். மையத்துக்கு அன்று விடுமுறை. பள்ளி நாள்காட்டி போல் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். சுத்தம் கெட்டுவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அதே வாசலில் வாளியோடு வந்து நிற்கும் சூலுத் தாய்மாருக்கு நாம் வயிறு நிறைய ஊற்றுகிறோம். அன்று கெடாத சுத்தம் மற்ற நாளில் எப்படிக் கெடும்? இதைக் கேட்டபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை, யோசிப்பதாகச் சொன்னார்.

பாதுகாப்பு பற்றிய அச்சம் வேறு வகை. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஃபீனிக்ஸில் அக்கம்பக்கத்தினர் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கடைகள் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், இரு பக்கமும் இன்னும் ஆறவில்லை. அந்த நாள்களுக்குப் பிறகு எங்கள் மையத்தில் பல வாரங்கள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மீண்டும் கொண்டுவந்து விட்ட முதல் தாய், விடிகாலை டாக்சியைப் பிடிக்க ஓடும் ஒரு துப்புரவுத் தொழிலாளி. வேறு வழியில்லாமல் எங்களை நம்பினார். தன் குழந்தையை நாள் முழுதும் நம்மிடம் விட்டுச் செல்லும் தாய்க்கும் நமக்கும் இடையே உண்டாகும் உறவை எந்த அமைதிக் குழுக் கூட்டமும் உண்டாக்கியதாக நான் பார்க்கவில்லை.

ஆகவே கேட்பது இது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை நாற்பது குழந்தைகளோடு தொடங்குங்கள். மூன்று, நான்கு வயதினரில் இருபது பேருக்கு ஓர் ஆசிரியை என்பது விதி. இரண்டு ஆசிரியைகளும் ஒரு சமையல்காரரும் போதும். நாற்பது குழந்தைக்கு மானியம் நாளுக்கு 960 ராண்ட், இருபது வேலை நாளுக்கு 19,200. மானியம் உடனே வராது. மனு கொடுத்து, தீயணைப்பு, சுகாதாரம், நிலப் பயன்பாடு என்று ஒவ்வொரு அனுமதியாக வாங்கி முடிக்க மாதங்கள் ஆகும். 2022 ஏப்ரலில் இந்தப் பொறுப்பு சமூக வளர்ச்சித் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியதால் இன்னும் சில அலுவலகங்களில் கோப்பு யாரிடம் என்ற குழப்பம் தீரவில்லை. அந்தக் காலத்துச் செலவைக் கோயில் ஏற்க வேண்டும். 2025-இல் துறை தொடங்கிய பானா பெலே பதிவு இயக்கம், எல்லாத் தகுதியும் ஒரே நாளில் இல்லாத மையங்களையும் படிப்படியாகச் சேர்த்துக்கொள்கிறது. அதன் வழியாக மனுப் போடுங்கள்.

மிக முக்கியமாக, புதிதாக ஆள் எடுத்து எங்களோடு போட்டிக்கு வராதீர்கள். உங்கள் தெருவில் ஏற்கெனவே கொட்டகையிலும் மரக்குடிலிலும் பிள்ளை பார்க்கும் பெண்களைத் தேடிப் பிடியுங்கள். சூலுப் பெண்களும் நம் பெண்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களை அவர்களுடைய பிள்ளைகளோடு மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தப் பிள்ளை எப்போது அழும், எந்த வீட்டில் அப்பா வேலை இழந்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சான்றிதழ் இல்லாதவர்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். சம்பளத்தைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி கொடுங்கள். குழந்தைகளுக்குக் கதை சூலு மொழியில் நடக்கட்டும். தமிழ்ப் பாட்டும் இருக்கட்டும். திருநீறு யாருக்கும் வைக்க வேண்டாம். கட்டணம் உதவித்தொகையை விழுங்காத அளவில் இருக்க வேண்டும். கொடுக்க முடியாதவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தமிழ்ச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு சொல். மொழி வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கவலைப்படுகிறீர்கள். மூன்று வயதில் மண்டபத்துக்கு வந்து பழகிய பிள்ளை ஏழு வயதில் வகுப்புக்கு வரும். இது நான் உறுதியாக நம்பும் ஒன்று. மாகாண அரசோடு பேசும் குரலும் உங்களிடம் இருக்கிறது. மாகாணங்களுக்கு வரிப்பணம் பிரிக்கும் அந்தச் சூத்திரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் எண்ணச் சொல்லி நிதித் துறைக்கு மனுக் கொடுங்கள். பதிவு பெறாத மையத்துக் குழந்தைக்கும் பள்ளி உணவுத் திட்டத்தை நீட்டச் சொல்லுங்கள். மண்டபத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பவரின் பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

தீர்மானத்தின் வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் எழுதி வைத்திருக்கிறேன். மனுப் படிவங்கள், அறை அளவுக்கான கணக்கு, ஒரு மாத உணவுப் பட்டியல் எல்லாம் தயார். எந்தக் கோயில் குழு அழைத்தாலும் ஞாயிறு மாலைகளில் வருவேன். மையம் நடத்தும் இரண்டு பெண்களையும் உடன் அழைத்து வருவேன். புதிய பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முன் சுகாதார ஆய்வு முடிய வேண்டுமானால், புரட்டாசி விரதம் முடிந்ததும் கூடும் முதல் குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணிவன்புடன்,
ஃபீனிக்ஸிலிருந்து ஒரு மழலையர் ஆசிரியை